கடல் கொண்ட பிறகு யார் வயல்?

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் 2004 டிசம்பர் 26 காலை வரை ஒரு பாலம் இருந்தது. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே காயலைக் கடந்த அந்தப் பாலத்தின் தளங்களை அன்றைய அலை பெயர்த்துத் தண்ணீருக்குள் போட்டது. கிழக்கே குமரிமுனையில் அதற்குச் சற்று முன்பு கடல் உள்வாங்கி, வழக்கமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் பாறைகள் வெளியே தெரிந்தன. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். மீனவர்கள் படகு கொண்டுபோய் அவர்களைக் கரைசேர்த்தார்கள். குளச்சலில் பிணங்களை ஒரே குழியில் புதைக்க வேண்டி வந்தது. குமரி மாவட்டம் முழுக்க ஏறக்குறைய 800 உயிர்கள்.

ஊழிக் கதை அன்று மத்தியானத்தோடு முடிந்தது. மறுநாள் காலையில் வேறொரு கதை தொடங்கியது. கரையிலேயே மறுபடியும் வீடு கட்டுவதா, உள்ளே தள்ளிப் போவதா? உள்ளே என்றால் யார் நிலத்தில்? வள்ளம் பிழைத்த வீட்டில் ஆள் இல்லை, ஆள் பிழைத்த வீட்டில் வலை இல்லை. மீன்பாட்டுக்குப் போனால் பங்கு எப்படிப் பிரிப்பது?

உலகம் அழிந்த பிறகு நடப்பதாக அமைக்கப்படும் ரோல் பிளேயிங் கேம்கள் எல்லாம் இந்த மறுநாள் காலையில்தான் தொடங்குகின்றன. அணுகுண்டு விழுந்த பிறகு, மந்திரம் மண்ணைத் தின்ற பிறகு, கடல் ஏறிய பிறகு. அழிவைக் காட்டுவது சுலபம், நல்ல ஓவியர் ஒருவர் போதும். மிச்சமிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் ஆடுபவரின் கைக்கு என்ன வருகிறது என்பதில்தான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் இருக்கிறது. அப்படி ஒரு ஆட்டத்துக்குக் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டைக் களமாக்கினால் எங்கிருந்து தொடங்குவது? கையில் கிடைக்கிற முதல் பொருள், தெற்கே கடல் கொண்டதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம். தடுக்கி விழுகிற முதல் குழியும் அதுதான்.

இந்த வகை ஆட்டம் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “எதிரே இடிந்த கோட்டை, வாசலில் ஒரு கிழவி” என்பார் கதைசொல்லி. என்ன செய்வது என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பின்னால் கம்ப்யூட்டர் அந்தக் கதைசொல்லியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை வில்லுப்பாட்டை வைத்தே சொல்லிவிடலாம். கோயில் கொடையில் புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். சுடலைமாடன் மயானத்துக்குக் கிளம்புகிற கட்டத்தில் அந்த ஆமாக்காரர், “இல்ல, அவன் போகல, திரும்பி வீட்டுக்கு வாறான்” என்று சொன்னால் என்ன ஆகும்? புலவர் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு முறைப்பார். ரோல் பிளேயிங் கேமில் எல்லோரும் உட்கார்ந்திருப்பதே அந்த ‘இல்ல’வைச் சொல்வதற்காகத்தான்.

மேசையாட்டத்தில் ஊழிக்குப் பிந்தைய உலகம் சீக்கிரமே வந்துவிட்டது. ‘காமா வேர்ல்ட்’ 1978-இல் வெளியானது. 1991-இல் வந்த ‘டார்க் சன்’ உலகத்தில் மந்திரம் போடுகிறவன் சுற்றியுள்ள செடிகொடியின் உயிரை உறிஞ்சித்தான் போட முடியும். அப்படியே உறிஞ்சி உறிஞ்சி பூமி பாலையாகிவிட்டது. ஆனால் கணினியில் இந்த வகைக்கு இலக்கணம் எழுதியது 1997-இல் வந்த ‘ஃபால்அவுட்’. அதன் தொடக்கத்தில் வாளும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. அணுயுத்தத்துக்குத் தப்பிய சனங்கள் வாழும் நிலவறையில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஒரு சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாளுக்குள் வெளியே போய் வேறொன்று கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சில்லு நெக்ரோபோலிஸ் என்ற பாழூரில் கிடைக்கிறது. கதிர்வீச்சில் தோல் அழுகியும் சாகாமல் இருக்கிற ஒரு கூட்டம் அங்கே குடியிருக்கிறது. அவர்கள் குடிக்கும் தண்ணீரும் அதே சில்லில்தான் ஓடுகிறது. எடுத்துக்கொண்டு போனால் நம் ஊர் பிழைக்கும், அவர்கள் ஊர் வறளும். அங்கே கெட்டுக் கிடக்கும் பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு எடுத்தால் இரண்டு ஊரும் பிழைக்கும்; அதற்கு உதிரிப்பாகம் தேட வேண்டும், நாள் போகும். நாள் போதவில்லையா, தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்து நிலவறைக்கு வண்டியில் தண்ணீர் அனுப்பலாம். கூடுதலாக 100 நாள் கிடைக்கும். ஆனால் முதலில் வெளியான பதிப்பில், வண்டி போன தடத்தை வைத்து எதிரிகள் நிலவறையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்! இதில் எங்கேயும் ‘நல்லவன்’, ‘கெட்டவன்’ என்று இரண்டு பொத்தான்கள் இல்லை. தண்ணீரும் நாளும் மட்டும்தான் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

இனி குமரிக்கண்டம். இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறது: முதலாவது 4,440 ஆண்டு, அடுத்தது 3,700, கடைசியாக 1,850. முதல் இரண்டு சங்கங்களும் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் அழிந்ததாகச் சொல்லி, அதில் இருந்த 49 நாடுகளையும் ஏழு ஏழாக அடுக்குகிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு. தென்னை, பாலை, குன்று, பனை என்று மண்ணின் முகத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். வரைபடம் வரைய உட்கார்ந்த எந்த கேம் டிசைனரும் இதைப் பார்த்தால் பேனாவைத் தேடுவார்.

1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்கினங்கள் இருப்பதற்குக் காரணம் தேடி, நடுவே ஒரு நிலம் இருந்திருக்கும் என்று ஊகித்தார். லெமூர் என்ற குரங்கின உயிரின் பெயரால் அதை லெமூரியா என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு புவியியலுக்கு அந்த ஊகம் தேவைப்படவில்லை. பெயர் மட்டும் சாகவில்லை. தமிழ்நாட்டில் அது குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டில் கேம்களுக்குள் குடியேறியது. ஜப்பானில் 2002-இல் வந்த ‘கோல்டன் சன்: தி லாஸ்ட் ஏஜ்’ கேமில் லெமூரியா கடலுக்கு நடுவே மறைந்திருக்கும் ஒரு நகரம். 2014-இல் வந்த ‘சைல்ட் ஆஃப் லைட்’ கேமில் அது ஒரு தேவதைக் கதை ராஜ்யம். இரண்டிலும் தமிழ் வாடை கிடையாது. லெமூர் வாடையும் கிடையாது.

ஆகவே நாமே ஒரு லெமூரியாவைச் செய்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? பொன் கூரை போட்ட தென்மதுரை, பறக்கும் தேர், எல்லாம் தெரிந்த சித்தர்கள். ஆடுபவர் அங்கே போய் வாய் பிளந்து நிற்கலாம். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பெருமையைக் காட்டி முடித்த இடத்தில் ஆட்டம் நின்றுவிடும். கடலுக்கு அடியில் கிடப்பதைப் பற்றிய ஆட்டத்தைவிட, கடலிலிருந்து ஓடிவந்து கரையேறியவர்களைப் பற்றிய ஆட்டத்துக்குத்தான் நம் நூல்களில் பொருள் அதிகம்.

கடலுக்கு அடியில் கிடப்பது என்ன என்பதையும் பார்த்துவிடலாம். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே ஆழம் குறைவாக விரிந்து கிடக்கும் வாட்ஜ் பேங்க் மேட்டில் ஒரு பகுதி அன்று தரையாக இருந்திருக்கும். அது கண்டமும் அல்ல, அங்கே நகரம் இருந்ததற்குச் சான்றும் இல்லை. இன்றைக்கு அது மீன் கொழிக்கிற இடம். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, அது இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டன. முழுகிப்போன நிலத்தின் மேல் யார் வலை போடுவது என்று இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கற்பனைக் கதைக்காரன் இதற்கு மேல் என்ன யோசிக்க?

கரையேறியவர்களின் கதைக்குத் திறவுகோல் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. ஓர் ஆட்டத்தின் முதல் கட்டம் அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்குப் போகிற வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவனைப் பார்க்கிறார்கள். கோடையில் முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை கெட்டுப் பாலையாகிவிட்டன என்கிறான் அவன். பாதை மேலே போய்ச் சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழியில் காடும் கடுமையும். இடப்பக்க வழியில் ஒரு குகை. உள்ளே மூன்று பொய்கைகள். ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் தெரியும், இன்னொன்றில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கைகூடும். ஆனால் வாசலில் வரோத்தமை என்ற தெய்வம் கேள்வி கேட்கும். பதில் சொன்னால்தான் கதவு. நடுவழி ஊரும் சோலையுமாகச் சுகமானது. அங்கே ஒரு தெய்வம் உரு மாறி வந்து மயக்கும், ஆளைக் கொல்லாது, தடுத்து நிறுத்தும்.

இன்றைய கேம் எதையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். மூன்று வழி, மூன்றுக்கும் வேறு வேறு விலை, ஒன்றில் புதிர், ஒன்றில் ஏமாற்று. கவுந்தியடிகள் என்ன செய்கிறார்? பொய்கை எதுவும் வேண்டாம் என்கிறார். வேண்டாததற்கான காரணத்தையும் தம் சமயத்தின் வழியில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வரம் கொடுக்கிற பொய்கையை மறுக்கவும் ஒரு பாத்திரத்துக்கு இடம் வைத்திருக்கிறார் இளங்கோ. பல கேம்கள் இதில் தோற்றுப்போகின்றன. புதையல் பெட்டியைத் திறக்காமல் போகிறவனுக்கு அவற்றில் சொல்ல ஒரு வார்த்தை இருக்காது.

அதே மறையவன் பாண்டியனை வாழ்த்தும்போது, கடல் பஃறுளியாற்றையும் குமரிமலையையும் கொண்டதால் பாண்டியன் வடக்கே கங்கையையும் இமயத்தையும் கொண்டான் என்கிறான். வாழ்த்துப் பாடுகிறவன் அப்படித்தான் பாடுவான். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பாவம், கணக்குப்பிள்ளை மாதிரி அந்த இடத்தில் நிலவரத்தை எழுதிவிடுகிறார். இழந்த நிலத்துக்கு ஈடாகப் பாண்டியன் ஆண்டது சோழநாட்டு எல்லையிலிருந்த முத்தூர்க் கூற்றமும் சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றமும்தான். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவலைப் பாட வந்த ஒரு பாட்டும் இதையே தொடக்கத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. கடல் மண்ணைக் கொண்டுவிட, பாண்டியன் மேலே சென்று புலியையும் வில்லையும் நீக்கி மீனைப் பொறித்தான்.

முத்தூரில் அன்றைக்கு நாற்று விட்டிருந்தவர்கள் யார்? பாட்டிலும் இல்லை, உரையிலும் இல்லை. ஆட்டம் அங்கே இருக்கிறது.

கடலில் எல்லாம் போய், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடக்கிற கூட்டம் ஒரு பக்கம். அவர்களுக்கு நிலம் வேண்டும், அது நியாயம். முத்தூர்க்காரர்கள் மறுபக்கம். அவர்கள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. நேற்றுவரை தங்கள் வரப்பில் நின்றவர்கள். நடுவில் அரசன் ஆள் ஓலையோடு வருகிறான். ஆடுபவர் ஓலை கொண்டுவருகிறவனாக இருக்கலாம், அகதியாக இருக்கலாம், முத்தூரில் மடை திறக்கிறவனாகவும் இருக்கலாம். அரக்கன் எவனையும் வெட்டுகிற வேலை இல்லை. நெக்ரோபோலிஸின் பம்பு இங்கே மடையாக மாறியிருக்கிறது. முத்தூரை நாஞ்சில் நாட்டுக்குள் இழுத்து வைத்துக்கொள்வது டிசைனரின் உரிமை. இழுத்து வைத்தால் கிடைக்கிற வசதிகள் ஏராளம்.

முதல் வசதி நிலம். கோதையாற்று மலை, அடிவாரக் காடு, பழையாற்றுப் பாசன வயல், அரபிக்கடல். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் கிடக்கின்றன. இல்லாதது பாலை. காடுகாண் காதையின் கணக்குப்படி பாலை தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கெட்டால் வருகிற நிலை. அப்படியானால் இந்த ஆட்டத்தின் வரைபடத்தில் பாலையை முன்கூட்டியே வரைந்து வைக்கக் கூடாது. ஆடுபவரின் செய்கையால்தான் அது உண்டாக வேண்டும். மேலே மலையில் மரம் போனால் நாலு வருஷம் கழித்துக் கீழே ஒரு துண்டு நிலம் பாலையாக வேண்டும். ‘டார்க் சன்’ 1991-இல் செய்ததை இளங்கோ எப்போதோ வானிலைக் குறிப்பாக எழுதி வைத்துவிட்டார்.

திணைக்குரிய கருப்பொருளாகத் தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். டிசைனர்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தயாரிக்கிற அட்டவணையும் கிட்டத்தட்ட இதுதான். பறையும் யாழும் அதில் இருப்பது எவ்வளவு நுட்பம்! நிலம் மாறினால் பின்னணி இசையும் மாற வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. அதோடு உரிப்பொருளும் உண்டு. பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல். ஒரு வயல் பாலையாகும்போது நிறம் மாறினால் மட்டும் போதாது. அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் கிளம்பிப் போக வேண்டும்.

அடுத்த வசதி தண்ணீர். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. மாத்தூரில் 1966-இல் எழுந்த தொட்டிப்பாலம் 28 தூண்களின் மேல், 115 அடி உயரத்தில், பள்ளத்தாக்கைத் தாண்டித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே ஓடுவது பறளியாறு. பஃறுளி, பறளி என்று ஒலியை வைத்து முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒலியைத் தவிர அதற்கு வேறு பிடிமானம் இல்லை. கதைக்கு அது போதும். பாலத்தின் மேல் நடைபாதையில் போகிறவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தால் வயிறு கூசும். ஆயிரம் வருஷம் கழித்து, கட்டியவர்கள் யாரென்று தெரியாத சனங்கள் அந்தத் தொட்டிக்குள் நின்று, இது எதைச் சுமந்தது என்று வாதாடுகிற காட்சியை எழுதிப் பார்க்கத் தோன்றும்.

ஆட்டத்தின் காலண்டர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்தில் ஓட வேண்டும். சானலில் தண்ணீர் விட்ட நாளிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். தலைமடைக்காரன் முதலில் பாய்ச்சுவான், கடைமடைக்காரன் ராத்திரி லைட்டோடு வந்து ஷட்டர் பக்கத்தில் நிற்பான். ‘ஃபால்அவுட்’டின் 150 நாள் கெடுவைப் பலர் திட்டினார்கள், அவசரப்படுத்துகிறது என்றார்கள். நாற்றின் வயதை வைத்துக் கெடு விதித்தால் யார் திட்டுவார்கள்? முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் என்று வந்துவிட்டால் சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றைத் தாண்டிப் போக முடியாது. அய்யா வைகுண்டர் (1809–1851) வாழ்ந்த காலத்தில், சாதிக்கு ஒரு கிணறு என்றிருந்த நாட்டில், எல்லாரும் ஒன்றாகப் புழங்கிய கிணறு அது. அவர் வழியினரின் அகிலத்திரட்டு அம்மானை உலகத்துக்கு எட்டு யுகம் சொல்கிறது. குரோணி என்ற அரக்கன் ஆறு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் பிறந்து வர, கலி அழிந்து தர்ம யுகம் பிறக்கும். பக்தர்களுக்கு அது வேதம், கேமுக்குள் எடுத்துப் போட்டு விளையாடுகிற பொருள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். மேற்கத்திய கேம்களில் ஊழிக்குப் பின் வருவது பெரும்பாலும் கொள்ளைக்கூட்டமும் துருப்பிடித்த துப்பாக்கியும். இந்த மாவட்டத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சனங்கள் ஊழிக்குப் பின் வரப்போவதாக எதிர்பார்த்தது தர்ம யுகத்தை. அதற்குப் பழக்கமாக ஒரே கிணற்றில் குளித்தார்கள்.

இனி விளைவு. ஆடுபவர் செய்ததை உலகம் எப்படி நினைவில் வைப்பது? 2012-இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ கேமில், இன்னார் இதை நினைவில் வைத்துக்கொள்வார் என்று திரையின் மூலையில் எழுத்து ஓடும். வாத்தியார் நோட்டில் குறித்துக்கொள்கிற மாதிரி. 2015-இல் டோபி ஃபாக்ஸ் செய்த ‘அண்டர்டேல்’ இன்னும் குரூரம்: ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போய் அவளை உயிரோடு விட்டாலும், முன்பு நீ செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பூ வந்து சொல்லும்.

பூவுக்குப் பதில் இங்கே கள்ளி இருக்கிறது. கள்ளியங்காட்டு நீலியின் கதையில், நகைக்காகக் காதலன் தூங்குகிறவள் தலையில் கல்லைப் போடுகிறான். பார்த்தது பக்கத்தில் நின்ற கள்ளி மட்டும். அவளும் அதையே சாட்சியாக வைத்துச் சாகிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகனாக அந்த வழி வருகிறான். அவள் கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வழி மறிக்கிறாள். இதைவிட நல்ல விளைவு ஏற்பாட்டை எந்த ஸ்டூடியோவும் எழுதவில்லை என்று துணிந்து சொல்லலாம். குற்றம் நடந்த இடத்தின் செடியே மறுபடி பாத்திரமாக வருகிறது. செய்தவனுக்கு ஞாபகம் இல்லை, செடிக்கு இருக்கிறது. முதல் கன்னிப்பூவில் ஆடுபவர் முத்தூர் மடையை ராத்திரியில் உடைத்தால் உடனே ஒன்றும் நடக்கக் கூடாது. ஷட்டர் ஓரத்தில் ஒரு கள்ளி நின்றதை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மேலே இறக்கைகள் சுற்றுகிற சத்தம், கீழே மஞ்சள் பூசின அம்மன். ஊழிக்குப் பிந்தைய காட்சி என்று ஓவியரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதை வரைந்தால் போதும்.

அழிவில் மண் மட்டும் போவதில்லை. இறையனார் களவியல் உரையில் இன்னொரு கதை உண்டு. பாண்டிநாட்டில் 12 வருஷப் பஞ்சம். ஊட்ட வழியில்லாமல் அரசன் புலவர்களை வெளியே அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு நாடானதும் தேடி அழைத்துவரச் சொல்கிறான். எழுத்து தெரிந்தவர்கள் வருகிறார்கள், சொல் தெரிந்தவர்கள் வருகிறார்கள், யாப்பு தெரிந்தவர்களும் வருகிறார்கள். பொருளதிகாரம் தெரிந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை. இலக்கணம் எதற்காகவோ அது மட்டும் நடுவில் எங்கோ செத்துப்போயிருக்கிறது.

இதே முடிச்சை ஒரு வீட்டுச் சமையலறைக்குள் வைத்து ஆடிக்காட்டியது ‘வெண்பா’. கனடாவின் டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சிறிய கேம். 1980-களில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தியின் அம்மா எழுதிய சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்க, விட்டுப்போன வரிகளை ஆடுபவர் ஊகித்து இட்டிலி அவிக்க வேண்டும். தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, ஆவி எப்படி மேலே போகும் என்று யோசிக்க வேண்டும். தப்பினால் உலகம் அழியாது, இட்டிலி வேகாது. ‘வெண்பா’ 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. பட்டணமே முழுகிய கதைக்குள்ளும் இந்த அளவில் ஒரு கிழிந்த தாள் இருந்தால்தான் ஆள் உள்ளே வருவார். களவியல் உரை சொல்லும் முதுநாரை, முதுகுருகு போன்ற நூல்கள் பெயராக மட்டும் மிஞ்சியவை. அவற்றைத் தேடி எடுக்கிற மாயப் பொருளாக வைப்பதைவிட, ஓர் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பாதிப் பாதி சொல்கிற ஒரு விதைநேர்த்தி முறையை வைத்தால், எவர் சொன்னதை நம்பி விதைப்பது என்று ஆடுபவர் தவிப்பார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்று கேஸ் விளக்கின் மேன்டில் செய்யத் தோரியம் வேண்டும். மோனசைட்டில் தோரியம் உண்டு. கயிறு திரித்த கரையைத் தேடிவந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வைத்தார்கள். கருமணல், கதிர்வீச்சு, காணாமல்போன கண்டம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் ‘ஃபால்அவுட்’ பித்தர்களுக்குக் கை அரிக்கும். மூன்று கண் மனிதர்களை அந்தக் கரையில் உலவ விட்டுவிடுவார்கள். அந்த மணல்மேல் இன்றைக்கும் கரமடி இழுக்கிறார்கள், பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அவர்களை அரக்கராக்குகிற ஆட்டத்தைவிட, கயிற்றில் ஒட்டிய நாலு மணல் பொடி கடல் தாண்டிப் போய் ஒரு ஊரின் தலையெழுத்தை மாற்றிய விதம் எவ்வளவோ சுவையான தொடக்கம். சுனாமிக்கும் அதே கண்டிப்பு. 2004-ஐ அப்படியே எடுத்து ஆட்டத்தில் வைக்கலாகாது. அதன் மறுநாள் கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மேசைக்கு வருவோம். கும்பப்பூவுக்கு நாற்று தயார், இன்னும் ஒரு வாரம் தாங்கும். சானலில் தண்ணீர் பாதி. முத்தூர் வரப்பில் கரையேறி வந்த கூட்டம் ஐந்தாவது நாளாக உட்கார்ந்திருக்கிறது. ஓலையில் மீன் முத்திரை. ஆடுகிற நால்வரில் ஒருவர் ஓலைக்காரர், ஒருவர் மடைக்காரர், இரண்டு பேர் வந்த கூட்டம். மடைக்காரரின் ஆச்சி தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் வந்து நின்று, வந்தவர்களில் ஒரு பெண்ணைப் பார்த்து, “மக்களே, ஒனக்கு நடத் தெரியுமா?” என்று கேட்கிறாள்.

யாரோ ஒருவர் பழக்கத்தில் பகடையை எடுக்கிறார். கதைசொல்லி கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்கிறார். இந்த இடத்துக்குப் பகடை கிடையாது. ஆச்சி கட்டை இன்னும் இறக்கவில்லை.